வீட்டை அளந்து வரைபடமாக்கல்

வீட்டை அளந்து வரைபடமாக்கல் என்பது, கட்டி முடித்த வீட்டின் அளவுகளை நேரில் எடுத்து அதன் தள வரைபடத்தைக் கணினியில் வரையும் பணியாகும். அனுமதிக்குக் கொடுத்த பிளானும் எழும்பி நிற்கும் கட்டடமும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதனால் சீரமைப்பு, மரவேலை, மதிப்பீடு ஆகியவற்றுக்கு முன் இப்பணி தேவைப்படுகிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேலிருந்து பார்த்தால் தெரிவதே தள வரைபடம்.

கருவிகள்

கையடக்க லேசர் மீட்டரை 1993இல் டிஸ்டோ என்ற பெயரில் லைக்கா நிறுவனம் முதன்முதலாக அறிமுகப்படுத்தியது. இன்றைய கருவிகள் பலவற்றின் துல்லியம் ±2 மி.மீ. அளவில் உள்ளது. அறையின் நீள அகலத்துக்கு லேசரும், சன்னல் ஓரம் போன்ற குறுகிய அளவுகளுக்கு எஃகு டேப்பும் ஏற்றவை. லேசர் மீட்டர் வழக்கமாகத் தன் பின்விளிம்பிலிருந்தே தூரத்தைக் கணக்கிடும். இந்த அமைப்பு முன்விளிம்புக்கு மாறியிருப்பதைக் கவனிக்காவிட்டால், கருவியின் நீளம் முழுவதும் பிழையாகச் சேரும்.

அளக்கும் முறை

முதலில் தாளில் கைப்படம் போட்டு, அறைகளை ஒரே திசையில் சுற்றிவந்து அளக்க வேண்டும். சுவரிலுள்ள கதவு, சன்னல்களைத் துண்டு துண்டாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் குவியும். டேப்பின் பூச்சியத்தை ஒரு மூலையில் நிறுத்தி, ஒவ்வொரு விளிம்புக்கும் தொடர்ச்சியாகப் படித்துக் குறிப்பதே சரி. சுவரின் கனத்தைக் கதவு, சன்னல் திறப்புகளில் அளக்கலாம். 9 அங்குலச் சுவர் எனப்படுவது, இருபுறப் பூச்சும் சேர்ந்து ஏறத்தாழ 10 அங்குலம் இருக்கும்.

சரிபார்த்தல்

நான்கு சுவர்களின் நீளத்தை மட்டும் வைத்து அறையின் வடிவத்தை முடிவுசெய்ய இயலாது, மூலைவிட்டமும் வேண்டும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறை சரியான மூலைமட்டத்தில் இருந்தால், இரு மூலைவிட்டங்களும் 5 மீட்டர் இருக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாகவே இருந்து மூலை 1 பாகை பிசகினாலும், மூலைவிட்டங்கள் 5.04, 4.96 மீட்டராகி 8 செ.மீ. வேறுபடும். அறைகளின் உள்ளளவையும் சுவர்க் கனங்களையும் கூட்டினால் வீட்டின் வெளியளவு வர வேண்டும். வராவிட்டால் மீண்டும் அளக்க வேண்டுமே தவிர, வித்தியாசத்தை ஏதோ ஒரு சுவரில் ஏற்றிச் சமாளிக்கக் கூடாது.

கணினியில் வரைதல்

1982இல் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் வீடு முழு அளவிலேயே வரையப்படுகிறது; 1:50, 1:100 என்ற விகிதங்கள் அச்சிடும்போதுதான் வரும். 10 அடி 6 அங்குலத்தைத் தசமத்தில் 10.5 அடி என உள்ளிட வேண்டும், 10.6 அல்ல. லைடார் (லேசர் ஒளியால் தூரம் அறியும்) உணரி கொண்ட கைப்பேசிகள் அறையைச் சுற்றிக் காட்டியதுமே வரைபடம் தருகின்றன. ஆனால் கண்ணாடிப் பரப்புகள் அவற்றைக் குழப்பும் என்பதால் முக்கிய அளவுகளை லேசரால் ஒப்பிடுவது நல்லது.

பரப்பளவு

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அடுக்குமாடி வீட்டின் கார்ப்பெட் ஏரியாவில் (பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பில்) உட்புறத் தடுப்புச் சுவர்கள் சேரும். வெளிச்சுவர்களும் பால்கனியும் சேரா. ஆகவே எந்தச் சுவர் உள்ளே, எது வெளியே என்பதை வரைபடத்திலேயே பிரித்துக் காட்ட வேண்டும்.