பஞ்சமி நிலமும் பறக்கும் உரிமையும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் மாலை வகுப்பை முடித்துவிட்டுக் கிளம்பும்போது, பன்னிரண்டாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பைலட் ஆகணும்னா என்ன படிக்கணும்?" சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். விமானம் அவர்களுக்குப் புதிதல்ல. கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி பெறும் ஐஎன்எஸ் ராஜாளி தளம் அருகிலுள்ள அரக்கோணத்தில்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் சிரித்தார்கள்? அந்தச் சிரிப்புக்கு நம் மாவட்டத்தில் ஒரு வரலாறு இருக்கிறது.

அப்போது இது செங்கல்பட்டு ஜில்லா. கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதார் போ என்றால் போகவேண்டிய நிலையில் மக்கள் இருந்ததை அது பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. அந்த நிலங்கள் பிறகு யார் யார் கைக்குப் போயின என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஜில்லாவில், 1910 மார்ச் மாதம், பல்லாவரத்தில் ஒரு விமானம் பறந்தது. ஓட்டியவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ். விமானத்தைச் செய்து கொடுத்தது சிம்சன் கம்பெனி. இந்தியாவிலேயே முதல் விமானப் பறத்தல் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. சேரிக்கு மனை கேட்ட அறிக்கைக்கும் இந்தப் பறத்தலுக்கும் இடையே இருபது வருடம்கூட இல்லை. 1929இல் ஜே.ஆர்.டி. டாட்டா பைலட் உரிமம் வாங்கினார். 1930 வாக்கில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் வந்தது. கிளப் என்ற பெயரே போதும், யாருக்கு இடம் என்று புரிந்துகொள்ள. பறக்கும் நேரத்துக்குக் காசு கட்டிக் கற்கும் கலை அது. நம்மவர்களுக்கு அன்று கூலியே ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

அதே 1892இல், ஜனவரியில், அமெரிக்காவின் டெக்சாசில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பெஸ்ஸி கோல்மன் பிறந்தார். பருத்தி பொறுக்கி வளர்ந்தவர். சிகாகோவில் ஒரு முடிதிருத்தும் கடையில் நகம் சீர்செய்யும் வேலை பார்த்தார். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பறத்தல் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்றார், கப்பலேறி பிரான்சுக்குப் போனார், 1921 ஜூன் 15 அன்று சர்வதேச உரிமத்தோடு வெளியே வந்தார். சொந்தமாக ஒரு பறத்தல் பள்ளி தொடங்குவது அவர் ஆசை. 1926இல் ஒத்திகையின்போது விமானத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 34.

பெஸ்ஸியின் துணிச்சலைக் கொண்டாடுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1939. அந்த ஆண்டு அமெரிக்க அரசு கல்லூரிகள் வழியாகத் தன் செலவில் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுத்தரச் சட்டம் இயற்றியது. நிறத்தின் பெயரால் யாருக்கும் பயிற்சியை மறுக்கக்கூடாது என்று அதில் எழுதவைத்தார்கள். டஸ்கீகி போன்ற கறுப்பினக் கல்லூரிகள் உள்ளே வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் டஸ்கீகியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ராணுவ பைலட்டுகள் வந்தார்கள். பெஸ்ஸிக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இவர்களுக்குப் பக்கத்துக் கல்லூரியே போதுமாக இருந்தது.

இங்கும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கின. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அவை செய்தது சிறிய வேலை அல்ல. ஆனால் தையல், கணினி, நோயாளி பராமரிப்பு என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றுகின்றன. தாட்கோ நம் பிள்ளைகளுக்கு விமானப் பணிப்பெண், விமான நிலையப் பணியாளர் பயிற்சிகள் தருகிறது. வரவேற்கலாம். காக்பிட் மட்டும் ஏன் நம் பட்டியலில் வருவதில்லை?

வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். செலவு பல பத்து லட்சம். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பைலட் படிப்பும் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பது வேறு, பயிற்சி நிலையம் கேட்கும் தேதியில் பணம் வந்து சேர்வது வேறு. நடுவில் கடன் வாங்க நமக்கு யார் ஜாமீன்? உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு உரான் அகாடமியில் இடஒதுக்கீடு உண்டு என்பதே நம் பள்ளிகளில் பேசப்படுவதில்லை.

2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட பட்டுத் தொழில் கொத்தடிமைக் குழந்தைகள் அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கோர்வை இழுத்த அந்தப் பிள்ளைகளில் தலித்துகள் ஏராளம். அவர்கள் இன்று அம்மா அப்பா வயதில் இருக்கிறார்கள். பையன்களின் சிரிப்பு தறியடியிலிருந்தும் வந்ததுதான்.

2022இல் பரந்தூர் விமான நிலையத்தை அறிவித்தார்கள். பல கிராமங்களின் நிலம் போகிறது. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுப் போராடுகிறார்கள். பட்டா உள்ளவருக்கு இழப்பீடு பேசலாம். அந்த வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவருக்கு எதைக் காட்டிப் பேசுவது? "ஏர்போர்ட் வந்தால் வேலை வரும்" என்கிறார்கள். யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் துடைப்பமும் தள்ளுவண்டியும்தான் கண்ணில் தெரிகிறது. நிலத்துக்கு ஈடாக வேலை என்ற பேரத்தை நான் ஏற்கவில்லை. பறக்கும் படிப்பைக் கேட்பதை அதற்காக விட்டுவிடவும் மாட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கலாம்.

கேள்வி கேட்ட பெண் படிப்பது காமர்ஸ் குரூப். இப்போதைய விதிப்படி இயற்பியலும் கணிதமும் வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதலாம். விண்ணப்பத்தை நிரப்ப சனிக்கிழமை ஆதார் கார்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.