ஆனையிறவின் புல்டோசரும் கோப்பாயின் கற்களும்

அயல்நாட்டுடன் நடந்த போரின் தளவாடங்களைக் காட்சிக்கு வைப்பதில் சிக்கல் அதிகமில்லை. தோற்றவன் எல்லைக்கு அப்பால் இருக்கிறான். உள்நாட்டுப் போரில் தோற்றவனும் அதே நாட்டின் குடிமகன். கைப்பற்றிய ஆயுதத்தைச் சாலையோரம் நிறுத்தினால், பேருந்தில் போகும் அவனும் அதைத் தினமும் பார்த்தாக வேண்டும். 2009க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் நிகழ்ந்தது இதுதான்.

ஏ-9 சாலையில் ஆனையிறவில் ஒரு புல்டோசர் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் 'ஆகாய கடல் வெளி' என்று பெயரிட்டு அங்கிருந்த முகாமைத் தாக்கியபோது, இரும்புத் தகடுகள் பொருத்திக் கவச வண்டியாக மாற்றிக் கொண்டுவந்த வாகனம் அது. காமினி குலரத்ன என்ற சிப்பாய் கையெறி குண்டுகளுடன் அதன்மீது ஏறி, அதைத் தடுத்து, தானும் மாண்டார். அவருக்கு நாட்டின் உயரிய வீர விருதான பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது. அவ்விடத்தில் சிலையும் உண்டு. அவர் துணிவை மறுப்பதற்கில்லை. ஆனால் வண்டியை ஓட்டிவந்தவர்களும் அந்த மண்ணில் பிறந்தவர்களே. அவர்களைப் பற்றி அந்த இரும்பு எதுவும் சொல்வதில்லை.

புதுக்குடியிருப்பில் இராணுவம் அமைத்த போர் அருங்காட்சியகத்தில் புலிகள் தாமே கட்டிய நீர்மூழ்கிகளும் படகுகளும் வைக்கப்பட்டன. கிளிநொச்சியில், பின்வாங்கும்போது புலிகள் வீழ்த்திய பெரிய நீர்த்தொட்டி விழுந்த கோலத்திலேயே காட்சிப்பொருளாக்கப்பட்டது; அருகே நினைவுப்பொருள் கடையும் வந்தது. பிரபாகரனின் நிலத்தடி மாளிகையைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்ட படையே, 2013 அக்டோபரில் அதை வெடிவைத்துத் தகர்த்தது. கைப்பற்றிய ஆயுதம் வெற்றிச் சான்றாக மட்டும் நிற்கும். ஒருவர் வாழ்ந்த இடமோ நாளடைவில் வழிபாட்டிடமாகிவிடலாம். அந்த அச்சம் காரணமாக இருந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்தின் கதை இன்னும் கசப்பானது. யாழ்ப்பாணம் இராணுவத்தின் வசமானபின் அது இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தக் காலத்தில் புலிகள் அதை மீண்டும் கட்டினார்கள். உடைந்த பழைய கல்லறைத் துண்டுகளையும் அங்கேயே பேணினார்கள். போர் முடிந்தபின் அது மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டு, 2011இல் அந்நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழுந்தது. தோற்றவனின் இரும்பு பேணப்பட்டது. அவன் கல்லறை பேணப்படவில்லை.

இங்கே அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஓர் எச்சத்தை எண்ணிப் பார்க்கலாம். தென்மாநிலங்களின் 'ஹன்லி' நீர்மூழ்கி 1864 பிப்ரவரி 17 அன்று வடக்கின் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. தானும் கரை திரும்பவில்லை. 2000இல் அதைக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். கடலில் கிடந்த இரும்பைக் காற்றில் அப்படியே விட்டால், உள்ளே ஊறிய உப்பு அதை வெகுவிரைவில் அரித்துவிடும். எனவே காரக் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுகிறார்கள். உள்ளே கிடைத்த எட்டு மாலுமிகளின் எலும்புகளை 2004இல் சார்ல்ஸ்டனில் அடக்கம் செய்தார்கள். இரும்பையும் எலும்பையும் ஒருசேர மதித்த செயல் இது. அமெரிக்கா இதில் குற்றமற்ற முன்மாதிரி என்று பொருளல்ல. அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நகரச் சதுக்கங்களில் நின்றன. அடிமைகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை. தோற்றவனின் நினைவைப் பேணும்போது, அவனால் துன்புற்றவனின் நினைவும் உடன் வரவேண்டும்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். மண்ணரையிலிருந்து திருப்பூர் வருபவர்களுக்குக் குமரன் நினைவகம் எந்தக் குழப்பத்தையும் தருவதில்லை. 1932இல் அவரை அடித்த அரசு போய்விட்டது. அவர் ஏந்திய கொடியின் தரப்பே ஆட்சிக்கு வந்தது. அந்த எளிமையை ஈழத்தில் எதிர்பார்க்க முடியாது. இராணுவத்தின் காட்சிக்கூடத்தைக் குறைசொல்லும் தமிழ் வாசகர், 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களை எந்த நினைவிடத்தில் வைப்போம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீர்த் தொட்டியை வீழ்த்தியதும் ஒரு மக்களுக்கெதிரான செயலே.

ஆகவே நீர்மூழ்கிகளை உருக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முள்ளிவாய்க்கால் கரையில் தரைதட்டிக் கிடந்த ஜோர்டானியச் சரக்குக் கப்பல் 'ஃபாரா 3' பழைய இரும்பாக வெட்டப்பட்டுவிட்டது. கடைசி மாதங்களில் அக்கரையில் அடைபட்டிருந்த மக்களின் சாட்சியாக அது நின்றிருக்கலாம். பொருள்கள் இருக்கட்டும், அவற்றின் அருகே எழுதப்படும் வாசகம் மாறட்டும். மும்மொழியிலும், இறந்த இருதரப்பினரோடு எத்தரப்பும் சாராத பொதுமக்களையும் அது குறிப்பிடட்டும். அதைப் படைத்துறையிடமிருந்து பொது அருங்காட்சியகத் துறை ஏற்கட்டும்.

நினைவை இடிப்பது பயனற்றது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2016 நவம்பரில் கிளிநொச்சி கனகபுரத்தில், இடிக்கப்பட்ட துயிலும் இல்லத்தில் மக்கள் கூடி விளக்கேற்றினார்கள். யாழ் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், அதே ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் எழுந்தது.