பெயர் எழுதாத சுவர்

தேர்தல் வந்துவிட்டால் மனிதனைவிடச் சுவருக்குத்தான் மதிப்பு அதிகம். இது நான் அநுபவத்தில் கண்ட உண்மை. 2001-ஆம் வருஷம் சட்டமன்றத் தேர்தலின்போது மேல்மலையனூரில் ஒரு கட்சிக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த தொண்டர்களில் நானும் ஒருவன். எந்தக் கட்சி என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். நான் சொல்லப் போகும் விஷயம் ஏறக்குறைய எல்லாக் கட்சிகளுக்கும் பொருந்தும்.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மல்லாட்டைக் கொல்லையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அரசியலில் எனக்கு இருந்த ஒரே தகுதி அதுதான். கிளைக் கழகத்தில் முப்பது வருஷமாக உழைத்து வந்த ஓர் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கையில் தூரிகையைக் கொடுத்தார். சுண்ணாம்பு வாளியைத் தாமே தூக்கிக்கொண்டார்.

கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டியின் வீட்டுச் சுவர் இருந்தது. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது. ஆகையால் அந்தச் சுவருக்குப் பலத்த போட்டி. நாங்கள் முந்திக்கொண்டோம். பங்குனி அமாவாசைக்கு முன்பாகவே சின்னத்தை வரைந்து, கீழே 'வாக்களிப்பீர்' என்று எழுதி, நடுவில் நாலு முழ நீளத்துக்கு வெள்ளையாக இடம் விட்டுவிட்டோம். வேட்பாளர் யார் என்று சென்னையிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை.

பாட்டி வெளியே வந்து பார்த்தாள். எழுத்தறியாதவள்தான், ஆனால் வெற்றிடம் தெரியாதவள் அல்ல.

"நடுவுல ஏன்டா வெறுமன உட்டிருக்கீங்க?"

"அங்க பேரு வரும் ஆயா."

"யார் பேரு?"

"தெரியல ஆயா. மெட்ராஸ்லேர்ந்து சொல்லுவாங்க."

"நல்லாக் கீதுடா! பொண்ணு யாருன்னே தெரியாம பத்திரிகை அடிச்ச கதையால்ல இருக்குது!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். எங்கள் எல்லோர் மனத்திலும் ஒரு பெயர் இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாரே, அவருடைய பெயர்தான் அது.

பிறகு பல வருஷங்கள் அந்த வெள்ளை இடத்தை நான் மறந்திருந்தேன். அமெரிக்காவின் 1968-ஆம் வருஷத்துச் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தபோதுதான் அது மறுபடி என் கண்முன் வந்து நின்றது.

அந்த நாட்டில் 'பிரைமரி' என்று ஒன்று உண்டு. முன்தேர்தல் என்று சொல்லலாம். கட்சியின் வேட்பாளராக யார் நிற்பது என்பதையே ஜனங்கள் வாக்களித்துச் சொல்கிற ஏற்பாடு அது. தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல். ஆகவே அங்கே தொண்டனுக்கு வேலை, வேட்பாளர் முடிவாவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

1968-இல் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தார். வியட்நாம் போர் வளர்ந்துகொண்டே போயிற்று. பதவியில் இருக்கும் ஜனாதிபதியை அவருடைய ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே எதிர்க்கப் பெரிய தலைவர்கள் துணியவில்லை. மின்னசோட்டா மாநிலத்து செனட்டர் யூஜின் மெக்கார்த்தி துணிந்தார். முதல் முன்தேர்தல் நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறு மாநிலத்தில், மார்ச் 12-ஆம் தேதி நடப்பதாக இருந்தது.

பனி கொட்டும் அந்தப் பிரதேசத்துக்குப் பல கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். வாக்காளர்களோ பழைமைப் பற்று மிகுந்தவர்கள். தாடியும் நீண்ட தலைமுடியுமாக ஒரு பையன் வந்து நின்றால் பேச்சைக் கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே பையன்கள் தாடியை மழித்து, முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். பெண்களும் அடக்கமாக உடுத்திக்கொண்டார்கள். தாடியை விட மனமில்லாதவர்களுக்குக் கதவைத் தட்டும் வேலை இல்லை; உள்ளே உட்கார்ந்து உறைகளில் துண்டுப் பிரசுரம் போடும் வேலை. பிரார்த்தனைக்கு முடி கொடுப்பதை நாம் அறிவோம். ஒரு கொள்கைக்காக முடி கொடுத்த கதை இது.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அப்போது அங்கே வாக்குரிமை வயது 21. வந்த மாணவர்களில் பலருக்கு வாக்கே கிடையாது. ஆனால் போருக்கு ஆள் எடுப்பதற்கு 18 வயது போதும். தாம் போட முடியாத வாக்கைப் பிறரிடம் கேட்கத்தான் அவர்கள் பனியில் நடந்தார்கள்.

ஜான்சன் தம் பெயரை வாக்குச் சீட்டில் சேர்க்கவில்லை. அவரை ஆதரிப்பவர்கள் சீட்டில் அவர் பெயரைத் தம் கையாலேயே எழுத வேண்டும். அப்படி எழுதியும் அவருக்குச் சுமார் 49 சதவிகிதம் கிடைத்தது. மெக்கார்த்திக்கு 42. கணக்குப்படி ஜான்சனே ஜெயித்தார். ஆனால் கட்சி மகாநாட்டுக்கு அந்த மாநிலம் அனுப்பும் 24 பிரதிநிதிகளில் 20 பேர் மெக்கார்த்தி பக்கம். நான்கு நாளில் ராபர்ட் கென்னடியும் களத்தில் இறங்கினார். மார்ச் 31-ஆம் தேதி இரவு, தாம் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்துவிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஜூன் மாதத்தில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய மகாநாடு, ஒரு முன்தேர்தலிலும் போட்டியிடாத உதவி ஜனாதிபதி ஹம்ஃப்ரியை வேட்பாளர் ஆக்கியது. வெளியே வீதியில் இளைஞர்கள் போலீஸாரிடம் அடி வாங்கினார்கள். நவம்பரில் எதிர்க் கட்சியின் நிக்சன் வென்றார்.

கதவைத் தட்டியதெல்லாம் வீணா? அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த அவமானமே கட்சியை விதிகளை மாற்ற வைத்தது. 1972 முதல் முன்தேர்தல்களே வேட்பாளரைத் தீர்மானிக்கத் தொடங்கின. அப்படி முதலில் தேர்வான மெக்கவர்ன் நிக்சனிடம் படுதோல்வி அடைந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்தேர்தல் வெற்றி தரும் மந்திரம் அல்ல. தொண்டனையும் ஒரு வார்த்தை கேட்கும் மரியாதை, அவ்வளவுதான்.

நம்மிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நியூ ஹாம்ப்ஷயருக்கு ஒரு வருஷம் முன்பு, 1967 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் மாணவர்கள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். இங்கேயும் வாக்குரிமை வயது அப்போது 21-தான். ஆட்சியை மாற்றத் துணைநின்ற இளைஞர்களுக்கு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் பிற்பாடும் வரவில்லை. 2014-இல் காங்கிரஸ் கட்சி, ராகுல் காந்தியின் முயற்சியால், சுமார் 15 மக்களவைத் தொகுதிகளில் கட்சிக்காரர்களை வாக்களிக்கச் சொல்லி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. வதோதராவில் அப்படித் தேர்வானவர், மோடி அங்கே நிற்கப் போகிறார் என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். மேலிடம் வேறொருவரை நிறுத்தியது. அந்தச் செடி வேர் பிடிக்கவில்லை.

எங்கள் சுவருக்கு வருகிறேன். ஏப்ரலில் பெயர் வந்தது. அண்ணன் பெயர் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் யாருமே பார்த்தறியாத ஒருவர்.

தூரிகையைப் பிடித்தபடி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். சுவரைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"பேரு நீளமா இருக்குது தம்பி. எழுத்த நெருக்கிப் போடு, எடம் பத்தாது" என்றார்.

நெருக்கித்தான் போட்டேன். அந்தப் பெயருக்காக அவர் வளத்தி, அவலூர்ப்பேட்டை என்று சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பாட்டி இன்று இல்லை. சுவரையும் இடித்துக் கட்டிவிட்டார்கள். மேல்மலையனூர் என்ற சட்டமன்றத் தொகுதியே 2008-ஆம் வருஷத்து மறுவரையறையில் மறைந்துவிட்டது. அந்த நாலு முழ வெள்ளை இடம் மட்டும் என் மனத்தில் அப்படியே இருக்கிறது. அதில் யார் பெயரை எழுதலாம் என்று அண்ணனையும் எங்களையும் யாராவது ஒரு தடவை கேட்டிருக்கலாம்.