தொடர்கதையும் தமிழ் நாவலின் கதைக்கோப்பும்

தொடர்கதை என்பது இதழ்களில் பகுதி பகுதியாக வெளிவந்து பிறகு நூலாகும் நாவல். அத்தியாயத்தின் அளவு, திருப்பம் விழும் இடம், கிளைக்கதைக்குக் கிடைக்கும் இடம், முடிவின் வேகம் எனத் தமிழ் நாவலின் கதைக்கோப்பில் பெரும்பகுதியை வகுத்தது இதழ்களின் வாரக்கணக்கு.

முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) நேரே நூலாக வந்தது. 'ஆதியூர் அவதானி சரிதம்' (1875) அதற்கு முந்தியது என்பார் உண்டு. செய்யுள் நடையில் இருப்பதால் அதை நாவல் வரிசையில் சேர்க்காதவரும் உண்டு. பிரதாப முதலியாரின் கதை ஒரு சரடு. நீதிக்கதைகளும் வேடிக்கைக் கதைகளும் அதில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிரண்டை உருவிவிட்டாலும் சரடு அறுவதில்லை.

இதழில் தொடராக வந்த முதல் நாவல் பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 1895 வரை வெளிவந்து 1896இல் நூலாயிற்று. முற்பாதி சிறுகுளம் கிராமத்தின் வம்பும் கல்யாணமும் குடும்பச் சண்டையுமாக நடக்கிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வரும் பக்கங்கள் இன்றும் வாடாதவை. பிற்பாதி கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயரின் ஞானத் தேடலாக மாறுகிறது. கதைக்கோப்பு இங்கே முறிந்துவிட்டது என்று விமர்சகர் பலர் கருதினர். அபவாதத்தில் தொடங்கி வேதாந்தத்தில் முடிவதே ஆசிரியரின் திட்டம் என்பது மறுதரப்பு. ராஜம் ஐயர் 1898இல், இருபத்தாறு வயதில் காலமானார்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் மர்மத்தைக் கடைசிவரை காப்பாற்றும் வித்தையைப் பரப்பின.

இந்த வடிவம் முழு வலிமை பெற்றது 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியிடம். 'ஆனந்த விகடனி'ல் அவர் எழுதிய 'தியாகபூமி' படமாக எடுக்கப்பட்டபோதே தொடராகவும் வந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்கள் அச்சாயின. 1941இல் 'கல்கி' இதழ் தொடங்கியபின் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை' ஆகியவை அதில் வந்தன. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை நீடித்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். ஏறக்குறைய 185 வாரங்கள். முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள் இருக்க, 'தியாகச் சிகரம்' என்னும் கடைசிப் பாகம் 91 வரை வளர்ந்தது.

கதைத்தலைவரான சோழ இளவரசர் அருள்மொழிவர்மரே இராஜராஜன் ஆவார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். ஆகவே யார் அரசர் ஆவார் என்பதில் மர்மம் வைக்க இயலாது. கைக்கு எட்டிய மகுடத்தை ஒருவர் எப்படி விட்டுக்கொடுத்தார் என்ற கேள்விக்குக் கல்கி கதையை நகர்த்தினார். கதையைச் சுமக்க அவர் தேர்ந்தது அரசரையோ இளவரசரையோ அல்ல, ஓலை கொண்டுபோகும் வாலிபனை. தூதன் போகாத இடமில்லை. வீரநாராயண ஏரிக்கரை, கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, இலங்கை என வந்தியத்தேவனின் குதிரையும் படகும் போன வழியெல்லாம் கிளைக்கதைகள் வந்து சேர்ந்தன. கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில், பெண் இருப்பதாக நாம் நம்பியிருந்த மூடுபல்லக்கிலிருந்து, அரியணைக்குப் போட்டியாளரான மதுராந்தகர் இறங்கும் இடம், தமிழ்த் தொடர்கதையில் திருப்பம் வைக்கும் கலைக்கு முதல் பாடமாகச் சொல்லத் தக்கது.

பட்டத்து இளவரசர் ஆதித்த கரிகாலரின் கொலை கதையின் அச்சு. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைக் குற்றவாளிகளாகச் சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால் உத்தம சோழர் இருந்திருக்கலாம் என்ற வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் ஐயத்தை மற்றொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் ஏற்கவில்லை. கல்கியும் கொலை நடந்த அறையை இருளில் வைத்து, கத்தி யார் கையது என்பதைத் திட்டமாகச் சொல்லாமல் விட்டார். இதைக் குறையாகக் கண்டவர்கள் உண்டு. வரலாற்றின் மௌனத்துக்கு அவர் தந்த மரியாதை என்றும் கொள்ளலாம். தொடர் சட்டென்று முடிந்துவிட்டதென வாசகர்கள் முறையிட்டதால், கதைமாந்தர் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை முடிவுரையில் விளக்கினார். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியத்தின் படங்களோடும் இடையே வந்த விளம்பரங்களோடும் பைண்டு செய்த தொகுதிகள் பல வீடுகளில் பெட்டியில் காக்கப்பட்டன. கல்கி 1954 டிசம்பர் 5 அன்று காலமானபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார்.

பிற்காலத் தொடர்களில் கதைக்கோப்பு நோக்கில் தனித்து நிற்பது ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1966இல் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தாய் தேற்றுகிறாள். அந்தத் தாய் கூச்சலிட்டு ஊரறியச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து நாவல் புறப்படுகிறது. ஒரு முடிவை மாற்றிவைத்து அதிலிருந்து முழு வாழ்க்கையைக் கட்டும் முறை இது. 'தினமணி கதிரி'ல் தொடராக வந்த இந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுஜாதாவின் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பால் 'குமுத'த்தில் நின்றுபோய், 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் மீண்டும் தொடங்கப்பட்டது.

வாரத் திருப்பம் நாவலைக் கெடுக்கிறது என்று விமர்சகர் க.நா.சு. வாதிட்டார். எனினும் சி.சு. செல்லப்பாவின் 'ஜீவனாம்சம்', ஒரு பெண்ணின் நினைவோட்டத்தை மட்டுமே பற்றிச் செல்லும் நாவலாயினும், 'எழுத்து' இதழில் தொடராகத்தான் வந்தது. வாரத் திருப்பத்தைச் சாராத கதைக்கோப்புகளும் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நினைவுகூரலும் நாட்குறிப்புமாக அமைந்தது. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) காலவரிசையைக் குலைத்து, நடுப்பகுதியில் மிகப் பழைய காலத்தை வைத்தது.

மாத நாவல்களில் ராஜேஷ்குமார், தொடர்பற்ற இரு கதைகளை மாறிமாறி நடத்தி இறுதியில் இணைக்கும் முறையைப் பரவலாக்கினார். இணையத்தில் 2014இல் தொடங்கிய ஜெயமோகனின் 'வெண்முரசு' நாளொரு அத்தியாயமாக 2020இல் 26 நாவல்களுடன் நிறைவுற்றது.