பொது அடித்தளமும் பூட்டிய மொழியும்: மோட்டார் வாகன வரலாற்றின் முரண்பாடொன்று

1

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில் ஒரு சோதனை நடைபெற்றது. அமெரிக்கக் கம்பனியான கடிலாக் தயாரித்த ஒரே வகையைச் சேர்ந்த மூன்று மோட்டார் வாகனங்கள் உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டன. அவ்வுறுப்புகள் யாவும் ஒன்றுடனொன்று கலக்கப்பட்டன. சிலவற்றை நீக்கி, களஞ்சியத்தில் இருந்த வேறு உறுப்புகள் அவற்றின் இடத்திற் சேர்க்கப்பட்டன. பின்னர் அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று வாகனங்கள் பூட்டப்பட்டு, ஒவ்வொன்றும் 500 மைல் தூரம் ஓட்டிக் காட்டப்பட்டது. றோயல் ஓட்டோமொபில் கழகம் இச்சாதனைக்காக அக்கம்பனிக்கு டூவார் கிண்ணத்தை வழங்கியது.

ஓர் உறுப்பை அரத்தால் தேய்த்தும் தட்டியும் அதற்குரிய வாகனத்துக்கெனத் தனியே பொருத்திவந்த பட்டறைக் கைவினை முறை, மோட்டார் வாகன உற்பத்தியில் முடிவுறப்போவதற்கான அறிகுறியாக இந்நிகழ்ச்சியை நாம் கொள்ளலாம். ஒரு வாகனத்தின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துமா என்பதே அன்றைய வினா. நூறாண்டுகளுக்குப் பின்னர், ஒரே உறுப்பு பல வர்த்தகப் பெயர்களைத் தாங்கிய வாகனங்களுக்குப் பொருந்துகின்றது. ஆயின், பொருத்தப்பட்ட உறுப்பை வாகனம் ஏற்றுக்கொள்ளுமா என்ற புதிய வினா எழுந்துள்ளது. கட்டுப்பாட்டு அலகொன்றை மாற்றிப் பூட்டும் மெக்கானிக், அது தொழிற்படுவதற்கு உற்பத்தியாளரின் கணினியிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலைமை தோன்றியுள்ளது.

உற்பத்தி மேன்மேலும் பொதுமையாகும் அதே வேளையில், உற்பத்தி செய்யப்பட்ட பொருளை அறியும் வழி ஏன் மேன்மேலும் தனியுடைமையாகின்றது? இக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய ஆய்வாளராகிய நமக்கு இதிலென்ன அக்கறை என்று கேட்கப்படலாம். குறியீடு, அதனை வாசிப்போர், வாசிக்கும் உரிமை ஆகியன பற்றிய பிரச்சினை எதுவும் நமக்குப் புறம்பானதன்று என்பதே எமது விடை.

2

வாகன அடித்தளம் என இங்கு நாம் குறிப்பது, புறத்தோற்றத்திலும் பெயரிலும் வேறுபடும் பல வாகனங்களுக்குப் பொதுவாக அமையும் தரைச்சட்டகம், அச்சுகள், இயந்திரம் பொருத்தப்படும் முறை, மின் இணைப்புகள் முதலியவற்றின் தொகுதியையாகும். சமூகவியலில் அடித்தளம், மேற்கட்டுமானம் என்று வழங்கும் பொருளோடு இதனை மயக்கிக்கொள்ளலாகாது.

இதன் தோற்றுவாயை அமெரிக்காவிற் காணலாம். ஹென்றி ஃபோர்ட் 1908இல் அறிமுகப்படுத்திய 'ரி' மாதிரி வாகனம் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உற்பத்தி செய்யப்பட்டது. 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பூட்டுவரிசை நிறுவப்பட்டதும், அடிச்சட்டகம் ஒன்றைப் பூட்டுவதற்குத் தேவைப்பட்ட பன்னிரண்டரை மணி நேரம் சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைந்தது. ஆனால், ஒரே மாதிரியான வாகனத்தை எல்லோருக்கும் விற்றுக்கொண்டேயிருத்தல் இயலாது. ஜெனரல் மோட்டோர்ஸின் தலைவரான அல்பிரட் சுலோன் இதனை உணர்ந்தார். வெவ்வேறு வருவாயினருக்கு வெவ்வேறு பெயர் கொண்ட வாகனங்கள் வேண்டும். ஆனால் உற்பத்திச் செலவோ ஒரே பொருளை உற்பத்தி செய்வதற்குரியதாக இருத்தல் வேண்டும். 1926இல் வெளிவந்த பொன்ரியாக், செவ்ரொலேயின் உறுப்புகள் பலவற்றைப் பகிர்ந்துகொண்டமை இக்கொள்கையின் விளைவேயாகும்.

பெயரில் வேற்றுமை, உள்ளீட்டில் ஒற்றுமை என்ற இந்த ஏற்பாடு எப்போதும் மறைந்திருக்கவில்லை. 1977இல் ஓல்ட்ஸ்மொபில் வாகனங்களை வாங்கியோர் சிலர், அவற்றினுள்ளே செவ்ரொலே இயந்திரம் பொருத்தப்பட்டிருந்ததை அறிந்து வழக்குத் தொடுத்தனர். இயந்திரத்தில் குறையிருந்தமை அவர்களது முறைப்பாட்டின் மையமன்று; தாம் விலை கொடுத்த பெயருக்குரிய பொருள் கிடைக்கவில்லை என்பதே அவர்களது மனக்குறை. பண்டத்தின் மாயத்தோற்றம் பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

இப்போக்கினை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்ற நிறுவனங்களுள் முதன்மையானது ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன். அவுடியை ஏற்கெனவே தன்னகத்தே கொண்டிருந்த அக்கம்பனி, ஸ்பெயினின் சியாட் கம்பனியை 1986இலும், செக் நாட்டின் ஸ்கோடாவை 1991 முதலும் தனது ஆதிக்கத்துட் கொணர்ந்தது. 1993இல் பேர்டினண்ட் பியெக் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது கம்பனி கடும் நட்டத்தில் இருந்தது. ஆட்குறைப்பைத் தவிர்ப்பதற்காகத் தொழிற்சங்கம், ஊதியக் குறைப்புடன் வாரத்துக்கு 28.8 மணி நேர வேலையை அவ்வாண்டின் இறுதியில் ஏற்றுக்கொண்டது. பதினாறு அடித்தளங்களை நான்காகக் குறைக்கும் திட்டம் இந்த நெருக்கடியின் பின்னணியிலேயே வலுப்பெற்றது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அவுடி ஏ3, ஸ்கோடா ஒக்ரேவியா, நான்காம் தலைமுறைக் கோல்ஃப், சியாட் லியோன் ஆகியன 1996க்கும் 1999க்கும் இடையில் ஒரே அடித்தளத்திலிருந்து வெளிவந்தன.

2012இல் அறிமுகமான எம்.கியூ.பி. முறை இதனினும் ஒருபடி மேலானது. முன்னைய அடித்தளம் பெரும்பாலும் நிலையான அளவுகளைக் கொண்டது. புதிய முறையிலோ முன்னச்சுக்கும் மிதிகளுக்கும் இடைப்பட்ட தூரமும் இயந்திரம் பொருத்தப்படும் நிலையும் மாறாதிருக்க, வாகனத்தின் நீளம், அகலம், அச்சிடைத்தூரம் ஆகியன மாற்றப்படலாயின. சிறிய போலோவும் பெரிய பஸாற்றும் ஒரே தொகுதி உறுப்புகளிலிருந்து உருவாக்கப்பட்டன. பல நாடுகளின் பல தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தொழிலாளரின் உழைப்பு, ஒருவர் செய்ததை மற்றொருவர் செய்ததோடு தடையின்றிப் பொருத்தக்கூடிய அளவுக்கு ஒன்றிணைந்தது. உற்பத்தி சமூகமயமாதல் என்பதன் பொருள் இதுவேயாகும்.

3

உறுப்புகள் பொதுமையாகிய இதே காலப்பகுதியில் வாகனத்தினுள் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. வாகனம் பேசத் தொடங்கியது. 1960களின் இறுதியில் வொல்க்ஸ்வாகனின் மூன்றாம் வகை வாகனத்தில் மின்னணு எரிபொருட் செலுத்துகை இடம்பெற்றது. 1970களின் முற்பகுதியில் அதே கம்பனி, பரிசோதனைக் கருவியைச் செருகுவதற்கான மைய இணைப்பானைத் தனது வாகனங்களில் அமைத்தது. 1980களில் இயந்திரக் கட்டுப்பாட்டு அலகுகள் பரவவே, ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தமக்கென ஓர் இணைப்பானையும், தத்தமக்கென ஒரு குறியீட்டு மொழியையும் வகுத்துக்கொண்டனர். காதால் கேட்டும் கையால் தொட்டும் மணத்தால் உணர்ந்தும் பழுதறிந்த மெக்கானிக்கின் அறிவுக்கு எட்டாத ஒரு பகுதி வாகனத்தினுள் உருவாயிற்று.

இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தியது எது? சந்தைப் போட்டி அதனைச் செய்யவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டமே அதற்கு வழிகோலியது. அப்புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் காரணமாதலை இரசாயனவியலாளர் ஆரி ஹாகன்-சிமிற் 1950களில் விளக்கினார். 1967இல் உருவாக்கப்பட்ட கலிபோர்னிய வளிமண்டல வளச் சபை, 1988ஆம் ஆண்டு மாதிரி வாகனங்கள் முதல் புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகளைத் தாமே சோதித்தறியும் முறைமையைக் கட்டாயமாக்கியது. ஓ.பி.டி. 2 எனப்படும் அதன் இரண்டாம் கட்டம் 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றுக்கும் விதியாயிற்று. பதினாறு முனைகள் கொண்ட ஒரே வடிவ இணைப்பான் சாரதியின் ஆசனத்துக்கு முன்னே இடம்பெற்றது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு அதனையடுத்த ஆண்டுகளிலும் இவ்விதி நடைமுறைக்கு வந்தது.

எனினும், இப்பொதுமைக்கு ஓர் எல்லை இருந்தது. இணைப்பான் ஒன்றாயினும் அதன்வழி பேசப்பட்ட மொழிகள் பல. ஃபோர்ட் ஒரு முறையையும், ஜெனரல் மோட்டோர்ஸ் மற்றொன்றையும், ஐரோப்பிய, ஆசிய உற்பத்தியாளர் வேறொன்றையும் கைக்கொண்டனர். பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'கான்' எனும் தொடர்புமுறை 2008 முதல் அமெரிக்காவிற் கட்டாயமாக்கப்பட்ட பின்னரே இவ்வேறுபாடு மறைந்தது. அதற்குப் பின்னரும் சட்டம் கேட்டது புகையோடு தொடர்புடைய செய்திகளை மட்டுமே. தடுப்பு, காற்றுப்பை, கதவுப்பூட்டு முதலியவற்றின் அலகுகள் உற்பத்தியாளரின் சொந்த மொழியிலேயே பேசின. மக்களின் சுவாசத்துக்காகச் சட்டம் தலையிட்ட அளவுக்கே மொழி பொதுவாயிற்று. சட்டத்தின் எல்லை முடிந்த இடத்தில் தனியுடைமை தொடங்கியது.

4

வாகன அடித்தளத்தின் பொதுமை எதிர்பாராத விளைவொன்றையும் தோற்றுவித்தது. வொல்க்ஸ்வாகன் குழுமத்தின் நான்கு பெயர்களிலும் பரிசோதனை முகவரிகள் ஒன்றாகவே இருந்தன. 01 என்றால் இயந்திரம், 03 என்றால் தடுப்பு, 15 என்றால் காற்றுப்பை, 17 என்றால் முன்பலகை. ஒரு கோல்ஃப் வாகனத்தின் மொழியைக் கற்ற மெக்கானிக், ஒக்ரேவியாவையும் லியோனையும் ஏ3ஐயும் பெரிதும் படிக்கக்கூடியவரானார். செலவைக் குறைப்பதற்காகக் கம்பனி உருவாக்கிய ஒற்றுமையே, அதன் அதிகாரபூர்வ நிலையங்களுக்கு வெளியே இருந்த சிறு கராஜ்களின் கையில் ஆயுதமாயிற்று. அமெரிக்காவின் ரொஸ்-ரெக் போன்ற சிறு நிறுவனங்கள், சாதாரண கணினியொன்றையே அக்குழுமத்தின் வாகனங்களைப் படிக்கும் ஸ்கானராக்கும் மென்பொருள்களை உருவாக்கின.

இதற்கான மறுமொழி பூட்டு வடிவில் வந்தது. களவைத் தடுக்கும் நோக்கில் முன்னரே சில அலகுகள் தத்தம் வாகனத்துடன் பிணைக்கப்பட்டிருந்தன. 2019இன் இறுதியில் வெளிவந்த எட்டாம் தலைமுறைக் கோல்ஃப் முதலியவற்றில் எஸ்.எப்.டி. எனும் பாதுகாப்பு முறை சேர்க்கப்பட்டது. பழுதுக் குறியீட்டை வாசிப்பதற்கு அது தடையாகவில்லை. ஆனால், பாதுகாக்கப்பட்ட அலகொன்றில் எதனையேனும் எழுத வேண்டுமாயின், உற்பத்தியாளரின் கணினியிலிருந்து அனுமதிக் குறியொன்றைப் பெறுதல் அவசியமாயிற்று. பியற் கிறைஸ்லர் கம்பனியும் 2018 முதல் இதையொத்த வாயிற்காவலைத் தனது வாகனங்களில் அமைத்தது. வாசிக்கலாம், எழுதலாகாது என்ற வேறுபாடு இங்கு முக்கியமானது. பரம்பரை வைத்தியர் தமது கைமுறை ஏடுகளைப் பிறர் கண்ணிற் படாது காத்தனர். இங்கோ ஏடு திறந்தே இருக்கின்றது. மருந்து கொடுக்கும் கை கட்டப்பட்டிருக்கின்றது.

உற்பத்தியாளரின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். 2015இல் சார்ளி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆய்வாளர் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வாகனமொன்றைத் தொலைவிலிருந்தே இணையத்தின் வழி கட்டுப்படுத்திக் காட்டினர். அதன் விளைவாக 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. ஆபத்து மெய்யானதே. ஆனால், அவ்வாபத்து வாகனத்தின் தொலைத்தொடர்பு வழியாக நுழைந்ததேயன்றி, கராஜில் இணைப்பானில் ஸ்கானரைச் செருகிய மெக்கானிக்கின் கை வழியாக நுழையவில்லை. பூட்டு வேண்டுமா என்பதிலும் பார்க்க, திறவுகோல் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே வினா.

அதே 2015ஆம் ஆண்டின் செப்ரெம்பர் மாதம் இவ்வினாவுக்கு வேறொரு கோணத்திலிருந்து விடை தந்தது. வொல்க்ஸ்வாகனின் டீசல் வாகனங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு விதமாகவும் வீதியில் வேறொரு விதமாகவும் நடந்துகொள்ளுமாறு மென்பொருள் எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள் இதில் அடங்கின. ஒரே இயந்திரம் நான்கு பெயர்களிலும் பகிரப்பட்டமையால் ஒரே மோசடியும் நான்கு பெயர்களிலும் பகிரப்பட்டது. புகைக்கட்டுப்பாட்டைக் கண்காணிக்கவென்றே சட்டம் கட்டாயமாக்கிய சுயபரிசோதனை முறைமை இதைப்பற்றி ஒரு குறியீட்டையும் காட்டவில்லை. மேற்கு வேர்ஜினியப் பல்கலைக்கழக ஆய்வாளர் அளவீட்டுக் கருவிகளை வாகனத்தில் ஏற்றி வீதியில் ஓட்டிச் சோதித்தமையாலேயே உண்மை புலப்பட்டது. எழுதியவனே ஒரே வாசகனாகவும் இருக்கும்போது பொய்யைக் கண்டறிவார் எவருமில்லை என்பதை இந்நிகழ்ச்சி துலாம்பரமாக்குகின்றது.

5

இவ்வரலாற்றை விளக்குவதில் இரு தவறான போக்குகளை நாம் தவிர்த்தல் வேண்டும். பழைய கைவினைஞனின் திறனை எண்ணி ஏங்குவது ஒன்று. அத்திறன் பலவேளைகளில் சிலருக்கே உரிய இரகசியமாகவும் இருந்தது. அதற்கு மீளுதல் இயலாது, தேவையுமன்று. தொழில்நுட்பம் வளர வளர அறிவு தானாகவே பொதுவாகிவிடும் எனக் கருதுவது மற்றொன்று. நாம் மேலே கண்டவை அதனை மறுக்கின்றன. சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்து, முன்னதை நிருவாகத்திடமும் பின்னதைத் தொழிலாளியிடமும் ஒப்படைப்பது முதலாளித்துவ வேலையொழுங்கின் இயல்பு என்று ஹரி பிரேவர்மன் 1974இல் தொழிற்சாலையை முன்வைத்து விளக்கினார். அப்பிரிவினை இன்று தொழிற்சாலை வாயிலைக் கடந்து, விற்கப்பட்டுவிட்ட பொருளினுள்ளும் கராஜினுள்ளும் புகுந்துள்ளது.

அறிவு பொதுவானபோதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில வாக்காளர் 2012இல் பெரும்பான்மை வாக்குகளால் திருத்தும் உரிமையை ஆதரித்தனர். 2014இல் உற்பத்தியாளர் அதனை நாடளாவிய உடன்பாடாக ஏற்க நேர்ந்தது. தகவல் இணைப்பானை விட்டுக் கம்பியில்லாத் தொடர்புக்கு மாறத் தொடங்கியதும், அம்மாநில மக்கள் 2020இல் மீண்டும் வாக்களித்து அதனையும் சட்டத்தின் எல்லைக்குட் கொணர்ந்தனர். உற்பத்தியாளர் சங்கம் அச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 ஒக்ரோபரில், சட்டத்திற் கூறப்படாத பதிவு, இணையவழி இணைப்பு முதலிய நிபந்தனைகளைச் சுயாதீனத் திருத்துநர்மீது சுமத்துதல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. எழுதும் உரிமையையும் அத்தீர்ப்பு உள்ளடக்கியது.

ஆயின் இவ்வுரிமைகள் பெறப்பட்ட நாடுகள், சட்டத்தாற் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் பலமுள்ள பெருஞ்சந்தைகளாகும். வாகனங்களை இறக்குமதி செய்து, அவற்றை நெடுங்காலம் திருத்தித் திருத்தி ஓட்டும் எமது நாட்டைப் போன்றவற்றுக்கு அத்தகைய பலம் இல்லை. அனுமதி வழங்கும் கணினி தொலைதேசத்தில் இருக்கையில், இங்குள்ள சிறு கராஜின் பிழைப்பும் அங்குள்ளோரின் விருப்பில் தங்கியிருக்கும். புரூக்லண்ட்ஸில் கலக்கப்பட்ட உறுப்புகளை மீண்டும் பூட்டுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. பல நாட்டுத் தொழிலாளரின் உழைப்பால் உருவான பொது அடித்தளத்தின் மொழியும் பொதுவாதல் வேண்டும் என்ற கோரிக்கையை, திருத்துநரின் கோரிக்கையாக மட்டுமன்றி, அறிவு பற்றிய சனநாயகக் கோரிக்கையாகவும் நாம் முன்வைத்தல் வேண்டும்.