கேட்டதும் கணக்கில் வரும்

ஓராண்டில் 50 புத்தகம் என்பது நாங்கள் சேர்ந்திருந்த வாசிப்புச் சவாலின் விதி. ஒரு புத்தகத்தை முடித்ததும் அதன் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் குழுவில் பதிய வேண்டும். கூடவே பத்து வரியாவது எழுத வேண்டும். குழுவில் பெரும்பாலும் பெண்கள். சமையல், அலுவலகம், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் இடையில் பக்கம் திருப்புகிறவர்கள். ஒருத்தி இருபதைத் தொட்டால் எல்லோரும் வாழ்த்துவோம்.

மார்ச் மாதம் ஒரு சண்டை வந்தது. தூத்துக்குடியில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் பெண் ஒருவர் அதுவரை பதினொரு புத்தகங்களைப் பதிந்திருந்தார். அத்தனையும் தைத்துக்கொண்டே போனில் கேட்ட ஒலிநூல்கள் என்று அவரே ஒருநாள் சொன்னார். கேட்டதெல்லாம் வாசிப்பாகுமா என்று ஒருவர் கேட்க, வாக்கெடுப்பு நடந்தது. ஆகாது என்று முடிவானது. நானும் ஆகாது என்றுதான் வாக்களித்தேன். அவருடைய பதினொன்றும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மறுவாரம் அவர் குழுவில் இல்லை.

அந்த ஆண்டுப் பட்டியலில் 'உங்கள் வட்டாரத்தோடு தொடர்புடைய மிகப் பழைய அச்சு நூல்' என்று ஒரு தலைப்பு இருந்தது. முத்துக்குளித்துறைக்காரிக்கு அதில் குழப்பமே இல்லை. அன்றீக்கே அன்றீக்கஸ் எழுதி 1586-இல் அச்சான 'அடியார் வரலாறு'தான் அது. அதைத் தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் என் வாக்கு எவ்வளவு தவறானது என்று தெரிந்தது.

அந்தக் கதை 1542-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் தெரியாது. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களை வைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். கேட்டதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை நியமிக்கப்பட்டார். பெண்கள் சனிக்கிழமையும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்கு வர வேண்டும் என்று முறை வகுக்கப்பட்டது. எழுத்தில்லாத ஒரு பள்ளிக்கூடம் அது. காதும் வாயும்தான் அதன் பலகையும் பலப்பமும்.

அன்றீக்கஸ் 1547-இல் இங்கே வந்து, தமிழை முறையாகக் கற்று, ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணமே எழுதியவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. பிறகு 600 பக்கங்களுக்கு மேல் நீளும் அடியார் வரலாறு. புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுகிறது. அச்சுக்கான செலவில் இந்தக் கரைப் பரதவர்களின் பணமும் இருந்தது. கடலுக்கடியில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்த உழைப்பின் ஒரு பங்கு தமிழ்ப் புத்தகமாகியிருக்கிறது.

அடியார் வரலாற்றின் பழைய பிரதியை வத்திக்கான் நூலகத்தில் 1954-இல் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகள். 1967-இல் ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதை வெளியிட்டது. புன்னைக்காயலின் புத்தகம் ரோமாபுரி போய், சுமார் 380 ஆண்டு கழித்துப் பக்கத்து ஊருக்குத் திரும்பியது.

அந்தக் கால அச்சுப் பக்கத்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கட்டிவிட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் நாம் எதிர்பார்க்கிற இடைவெளி கிடையாது. ஓலையில் எழுதிய பழக்கமே அச்சுக்கும் வந்திருக்கிறது. கண்ணால் ஓட்டிக்கொண்டு போக முடியவில்லை. வாய்விட்டுச் சொன்னபோதுதான் சொல் பிரிந்து பொருள் வந்தது. மௌனமாகப் படிப்பதற்கான பக்கம் அல்ல அது. ஒருவர் உரக்க வாசிக்க, ஊர் கூடிக் கேட்பதற்கான பக்கம். தமிழின் முதல் அச்சு நூல்களைப் 'படித்தவர்கள்' யார் என்று கேட்டால், கேட்டவர்கள்தான் என்று சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருந்திருப்பார்கள்.

ஆனால் ஆவணங்களில் அந்தப் பெண்களைத் தேடினால் வேறு மாதிரிதான் அகப்படுகிறார்கள். 1544-இல் சவேரியார் எழுதிய கடிதமொன்றில், சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடித்தால் காவலனுக்கு ஒரு பணம் பரிசு, அவளுக்கு மூன்று நாள் சிறை என்று வருகிறது. குடித்தவள் கணக்கில் வருகிறாள், கேட்டவள் வருவதில்லை. ஒரு முழுச் செபத்தையும் காதால் வாங்கி, மனதில் நிறுத்தி, மகளுக்குக் கொடுத்தவளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

என் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. தபசுகாலத்தில் எங்கள் தெருவில் 'வியாகுலப் பிரசங்கம்' வாசிப்பார்கள். கோவாவில் பிறந்து, இலங்கையில் உழைத்து, 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது. ஒன்பது பிரசங்கம். வாசிக்கிறவர் எப்போதும் ஆண். ஆச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பாள். வாசிக்கிறவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், "ஏய்யா, ஒரு வரியை விட்டுட்டியே" என்று கூப்பிட்டுச் சொல்வாள். அவர் திரும்பிப் பார்த்தால் வரி அங்கே இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த புத்தகத்தையும் விடமாட்டாள். "எனக்கு எழுத்து தெரியாதுட்டி. நீ வாசி, நான் கேக்கேன்." மக்கள்தொகைக் கணக்கில் அவள் கல்லாதவள். 1911 முதல் அந்தக் கணக்குக்கு ஓர் அளவுகோல் இருந்தது: சிநேகிதருக்குக் கடிதம் எழுதவும், அவர் பதிலைப் படிக்கவும் தெரிந்தால் கற்றவர். அதற்குமுன் 1901 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆயிரம் பெண்களுக்கு ஆறு பேர்தான் எழுத்தறிந்தவர்கள். மீதி 994 பேருக்கும் புத்தகத்தோடு உறவே இல்லை என்றா பொருள்?

எழுதுவதும் அப்படித்தான். வை.மு. கோதைநாயகி தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைக் கையால் எழுதவில்லை. தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். 1924-இல் அது அச்சானது. அடுத்த ஆண்டே 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார் கோதைநாயகி. சொன்னது எழுத்தாகாது என்று யாராவது வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எங்கள் சவாலைப் போன்ற ஒன்றுக்கும் முன்னோடி உண்டு. 1873-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அன்னா டிக்னர் என்ற பெண், வீட்டிலிருந்தே படிக்க விரும்பும் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். படிக்க வேண்டியவற்றின் பட்டியல் தபாலில் போகும், புத்தகமும் போகும். படித்ததைப் பற்றி மாதாமாதம் கடிதம் எழுத வேண்டும். அதற்கு மற்றொரு பெண் பதில் எழுதுவார். 24 ஆண்டுகளில் சுமார் 7,000 பெண்கள் அதில் படித்தார்கள். பல்கலைக்கழகத்தின் கதவு தங்களுக்கு மூடியிருந்தபோது அடுப்படிக்குப் பாடத்தை வரவழைத்தவர்கள் அவர்கள். ஆனால் அதற்கும் எழுத்தறிவும் கொஞ்சம் ஓய்வும் வேண்டியிருந்தது.

ஓய்வு இல்லாதவர்கள் வேறு வழி கண்டார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டு ஒரு வாசிப்பவரை அமர்த்தினார்கள். கை சுருட்டு சுற்றும். காது செய்தித்தாளும் நாவலும் கேட்கும். நம் பக்கத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தார்கள். அவர்களுடைய அரசியல் அறிவைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் மரியாதையோடு எழுதுகிறார்கள். ஆண்கள் வேலைத்தலத்தில் கூடிக் கேட்டால் அது தொழிலாளர் வரலாறு. பெண் தையல் மிஷினில் குனிந்தபடி தனியாகக் கேட்டால் அது பொழுதுபோக்கு. நாங்கள் போட்ட வாக்கின் அடியில் இருந்தது இந்தப் பாகுபாடுதான். வாசிப்பதற்கென்று இரண்டு கையும் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற விதி, கை ஓயாதவளை வெளியே தள்ளுகிற விதி.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். விவாதம் நான்கு நாள் நீண்டது. கண்ணுக்கும் காதுக்கும் வித்தியாசமே இல்லையா என்று கேட்டார்கள். இருக்கிறது, பக்கத்தை நிறுத்தி யோசிப்பது வேறு, குரலோடு போவது வேறு. வித்தியாசம் இருப்பதால் ஒன்று தாழ்ந்துவிடாது என்றேன். அடுத்த ஆண்டிலிருந்து கேட்ட புத்தகமும் கணக்கில் சேரும் என்று விதி மாறியது.

தையல்காரத் தங்கைக்குப் போன் செய்து சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. "எண்ணிக்கை உங்களுக்குத்தான் வேணும்க்கா, எனக்குக் கதை போதும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எண்ணிக்கையை விட்டுவிட எனக்கு மனமில்லை. கதை போதும் என்று இருந்த பெண்களை வரலாறும் அப்படியே விட்டுவிட்டது. சனிக்கிழமைதோறும் கோயிலில் நின்று கேட்டவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் நம் புத்தக வரலாற்றில் இடமும் இல்லை. அந்த ஆண்டு முடிவில் என் பதிவு 38-இல் நின்றது. 39-ஆவதாக ஒன்றைச் சேர்த்தேன்: வியாகுலப் பிரசங்கம், ஒன்பது பிரசங்கங்கள், கேட்டது. வாசகர் என்ற இடத்தில் ஆச்சியின் பெயரை எழுதினேன்.