கச்சானும் வக்கடையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆனி மாதம். வலய மட்ட விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். மூன்றாவது சுற்றில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கால் மடங்கி விழுந்தான். தூக்கிச் சென்று வேப்பமர நிழலில் கிடத்தி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினோம். அல்லாஹ்வின் உதவியால் எழுந்து உட்கார்ந்தான். "இவனுக்கு வேர்க்கவே இல்லையே" என்று நான் வியந்து சொன்னதை வேலிக்கு அப்பால் நின்ற முதியவர் ஒருவர் கேட்டுவிட்டார்.

"கச்சான் வீசக்குள்ள வேர்வை எங்க மகன் தெரியும்? அது தோலோட காஞ்சி போயிரும். இந்த நேரத்தில மாட்டையும் வெயில்ல விடமாட்டாங்க."

எனக்குத் தலை குனிந்தது. போர்த்துக்கேயர் வந்த ஆண்டும் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்த ஆண்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, நான் பிறந்த மண்ணில் வீசும் காற்றைத் தெரியவில்லை. இன்றைய பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் வறுத்த கடலை மட்டுமே. அவர்களைவிட நான் பெரிதாக ஒன்றும் அறிந்திருக்கவில்லை. அன்றுதொட்டு எமது முன்னோர் வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று மலையைத் தாண்டி எமது பக்கம் இறங்குகிறது. இவ்வாறு இறங்கும் வறண்ட காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும் என்பது பௌதிகம். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இத்தகைய காற்று உண்டு. மட்டக்களப்பில் அது கச்சான். வாவியோரப் புழுக்கத்தில் வேர்வை வழிந்து எச்சரிக்கும். கச்சானிலோ உடல் நீரை இழப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்போது காலம் கடந்திருக்கும்.

வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடும் நிறைந்தது படுவான்கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஆயினும் எழுவான்கரை மணலைச் சிறிது தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மாரி மழையில் இறங்கிய நன்னீர் பாரம் குறைந்தது என்பதால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். எனவேதான் முன்னோர் ஆழமற்ற பூவல் தோண்டி, ஊறுவதை அள்ளி, மீண்டும் ஊறவிட்டுக் காத்திருந்தார்கள். இன்று மின்மோட்டார் பூட்டிய வளவுகளில் கோடையில் தண்ணீர் கரிப்பதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

எமது ஊராரின் வயல்கள் படுவான்கரையில் இருந்தன. மண்முனைத் துறையில், 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவையில் ஏறி வாப்பாவுடன் போன ஞாபகம் எனக்குண்டு. எட்டு, ஒன்பது வயதிருக்கும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வேலை தொடங்கிவிடும். வெயில் உச்சிக்கு ஏறுமுன் மண்வெட்டிகள் கரைக்கு வந்துவிடும். எருமைகள் சேற்றுக் குழியில் கிடக்கும். மனிதர் வாடிக்குள் இருப்பார்கள். பழஞ்சோறும் எருமைத் தயிரும் வெங்காயமும் பகலுணவு. அஸருக்குப் பின்னரே மறுபடி வயலில் இறங்குவார்கள். அறுவடை முடிந்தால் சூடடிப்பது இரவில். நிலவில் மாடுகள் களவெட்டியைச் சுற்றிவரும். அதை ஓர் அழகான காட்சியாக மட்டுமே நினைத்திருந்தேன். மனிதனும் மாடும் பகல் வெயிலிலிருந்து தப்பும் வழியாகவும் அது இருந்தது என்பது பின்னர்தான் புரிந்தது.

ஆனால் வெயிலைத் தாங்க வேலைநேரத்தை மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீரையும் பகிர வேண்டும். வட்டைக்கு ஒரு வட்டவிதானையார் இருப்பார். யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் என்று முறைவைத்துத் தண்ணீர் விடுவது அவர் பொறுப்பு. வரம்பில் தண்ணீருக்கு வெட்டி விடும் வாயை வக்கடை என்போம். எமது வயலுக்கு அடுத்த வயல் ஒரு தமிழருடையது. ஒருநாள் அவர் வரம்பில் நின்று கேட்டது நினைவிருக்கிறது.

"காக்கா, உங்கட பக்கம் தண்ணி ஏறிற்றா?"

"இன்னும் ரெண்டு வரவை கிடக்கு அண்ணன். உங்கட பயிர் வாடுது, நீங்க முதல்ல திறந்துக்கங்க."

இத்தகைய வழக்கங்களின் பெறுமதியை ஆங்கில ஆட்சியும் ஒரு கட்டத்தில் உணர்ந்தது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வயற்சொந்தக்காரர் கூடித் தமது பழைய நீர்ப்பாசன வழக்கங்களை விதிகளாக்கிக்கொள்ள இடமளித்தது. அவர் காலத்திலேயே இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. இன்று ஒவ்வொரு போகத்திற்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தின் வேர் அந்தப் பழைய வழக்கங்களில்தான் இருக்கிறது.

1949இல் கல்லோயாத் திட்டம் வந்தது. எம்மவர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. புதிய குடியேற்றங்கள் எழுந்தன. 1956இல் அப்பள்ளத்தாக்கில் இனக்கலவரம் வெடித்தது. வாய்க்காலின் தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைவாலில் தமிழ் பேசும் விவசாயிகள் என்ற நிலையில், கோடையில் கடைவாலுக்குத் தண்ணீர் எட்டுவது அரிதாயிற்று.

1981 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் கால்பங்கு அளவு தண்ணீரே இருந்தது. அவ்வேளை கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளைஞர் சிலரை இடதுகரை வாய்க்கால் விவசாயிகளுடன் தங்கி வேலைசெய்ய அனுப்பியிருந்தன. விவசாயிகள் குழுக்களாகக் கூடினர், தூர்ந்த வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர், முறைவைத்துப் பாய்ச்சினர். மிச்சம்பிடித்த தண்ணீரைத் தலைப்பிலிருந்த சிங்கள விவசாயிகள் கீழே தமிழ் பேசும் விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்தனர். நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். நாட்டின் பிற இடங்களில் இனப்பகை முற்றிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

மழை பொய்த்த காலங்களில் படுவான்கரைத் தமிழ்க் கிராமங்களில் கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி விளையாட்டு நடக்கும். எமது ஊர்களில் வெட்டவெளியில் கூடி மழைத்தொழுகை நடத்துவோம். வழிபாடு வேறு, இரு சாராரும் அண்ணாந்து பார்த்த வானம் ஒன்றே.

1990இல் எல்லாம் அறுந்தது. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எம்மவர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். படுவான்கரைக்குப் போகும் வழி எமக்கு அடைபட்டது. வாப்பா கடையொன்றில் கணக்கெழுதப் போனார். கச்சான் வீசும் மத்தியானங்களில் திண்ணையிலிருந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். வக்கடையைப் பற்றி எம்மிடம் பேசியதேயில்லை. ஒரு தலைமுறை வயலை மட்டும் இழக்கவில்லை. எந்தக் காற்றுக்கு எப்போது கரையேற வேண்டும் என்ற அறிவையும் இழந்தது. மைதானத்தில் நான் செய்த தவறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2007இல் கிழக்கில் போர் ஓய்ந்த பின்னர் வாப்பாவுடன் வயலுக்குப் போனேன். பக்கத்து வயல்காரர் மௌத்தாகியிருந்தார். அவருடைய மகன் வரம்பு வெட்டிக்கொண்டு நின்றார். எல்லைகள் காடாகிக் கிடந்தன. அவரே முன்னால் நடந்து, பற்றையை விலக்கி ஓரிடத்தைக் காட்டினார். "இது காக்காட வக்கடை எண்டு அப்பா சொல்லித் தந்தவர்." வாப்பா குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. இன்னும் தீராத காணிப் பிணக்குகள் எத்தனையோ உள்ளன.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. 'பாதை'க்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. களவெட்டியின் இடத்தை அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நடுப்பகலிலும் அது ஓடுகிறது. 2024இன் தொடக்கத்தில் கடும் வெப்பம் காரணமாக மாணவரை வெளியில் விளையாட விடவேண்டாம் எனக் கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. அந்த அறிவித்தலை வாசித்தபோது வேலியோர முதியவரின் குரலே என் காதில் ஒலித்தது.

இப்போது எமது பாடசாலையில் விளையாட்டுப் பயிற்சி அஸருக்குப் பின்னர்தான். வேப்பமரத்தடியில் இரண்டு தண்ணீர்ப்பானைகள் வைத்திருக்கிறோம். தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும் என்பது விதி. பானையை நிரப்பும் பொறுப்பை வகுப்புக்கு வகுப்பு முறைவைத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் முறை யாருடையது என்று பெரிய சண்டை. பின்னர் அவர்களே கூடிப் பேசி ஒரு பட்டியல் எழுதி மரத்தில் ஒட்டினார்கள். அன்று விழுந்த பையனின் தம்பிதான் இவ்வாண்டு அதற்குப் பொறுப்பு. மற்றப் பிள்ளைகள் அவனை 'வட்டவிதானையார்' என்று கூப்பிடுகிறார்கள்.